வரப்பு வரை வந்துவிட்ட வாடிக்கையாளர்

இரவு இரண்டு மணிக்கு மணிமங்கலத்திலிருந்தோ, படப்பையிலிருந்தோ, அகரம்தென்னிலிருந்தோ கீரைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் புறப்படுகிறீர்கள். முடிச்சூர் சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் இரு பக்கமும் அடுக்குமாடி வீடுகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. கோயம்பேட்டில் இறக்குகூலி, கமிஷன், வண்டி வாடகை எல்லாம் போக மிஞ்சியதை மடியில் கட்டிக்கொண்டு திரும்புகிறீர்கள். அதே கட்டு இன்னொருவர் வண்டியில் ஏறி, நீங்கள் கடந்து வந்த அதே அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே இருக்கும் கடைக்கு ஏழு மணிக்கு வந்து சேர்கிறது. போக இருபது கிலோமீட்டர், வர இருபது கிலோமீட்டர். இந்த நாற்பது கிலோமீட்டரில் கீரை வாடுகிறது, விலை மட்டும் ஏறுகிறது.

இந்தக் கட்டுரை, அந்தப் பயணத்தைக் குறைக்க நினைக்கும் குடும்பங்களுக்காக. வயலின் ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டு, வீட்டார் சேர்ந்து நடத்தும் பண்ணைக் கடையைத் தொடங்குவது எப்படி, அது வருடங்கள் போகப்போக எப்படி வளர்கிறது, வளரும்போது எதை இழக்கக் கூடாது என்பதுதான் பேச்சு. கடைசிக் கேள்விதான் முக்கியமானது. தாம்பரம் பக்கத்தில் கடை வைக்க இடம் தேடி அலைகிறவர்கள் ஆயிரம் பேர். கடைக்குப் பின்னால் வயல் வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

நகரம் எப்படி வந்தது

1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து இந்தப் பக்கம் வீடு கட்டி வருகிறவர்கள் நின்றபாடில்லை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகளோடு கூட்டமும் வண்டலூர் பக்கம் நகர்ந்தது. உங்கள் வயலிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் போனால் ஐநூறு சமையலறைகள். கோவை, திண்டுக்கல் பக்கத்து விவசாயிக்கு இல்லாத வசதி இது.

இந்தச் சமையலறைகள் விவசாயியை நேரடியாகத் தேடிய ஒரு காலமும் உண்டு. கொரோனா பரவியதால் 2020 மே 5-ல் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. செப்டம்பர் கடைசியில்தான் கோயம்பேடு மறுபடி திறந்தது. இடையில் இருந்த அந்த மாதங்களில் குடியிருப்புச் சங்கங்கள் வாட்ஸ்அப் குழு அமைத்து, யாரிடம் காய் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தன. அப்போது கைபேசி எண் கொடுத்து வைத்த விவசாயிகளில் சிலருக்கு இன்றும் அந்த வீடுகளிலிருந்து அழைப்பு வருகிறது. பலர் கோயம்பேடு திறந்ததும் பழைய பாதைக்கே போய்விட்டார்கள். பழகிய தடம் அப்படி இழுக்கும். குறை சொல்வதற்கில்லை.

முதல் படி: சந்தையில் உட்கார்ந்து பாருங்கள்

கொட்டகை போடுவதற்கு முன்னால், நேரடியாக விற்பது உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்று பார்க்க உழவர் சந்தையைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் ஆந்திரத்தில் ரைத்து பஜார் தொடங்கியிருந்தது. அதற்கும் முன்பே, 1987-ல், பஞ்சாபில் அப்னி மண்டி வந்துவிட்டது. இடையில் சில வருடங்கள் உழவர் சந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2021-22-ல் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வந்தபோது, பழைய சந்தைகளைப் புதுப்பிக்கவும் புதியவை கட்டவும் பணம் ஒதுக்கினார்கள். நம் பக்கத்தில் மேடவாக்கம், நங்கநல்லூர் போன்ற இடங்களில் உழவர் சந்தை உண்டு.

அங்கே கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் தருகிறார்கள். நீங்கள் பயிரிடுபவர்தான் என்பதற்கு நில ஆவணங்களைக் காட்டி, அதிகாரிகள் வயலைப் பார்த்த பிறகு அடையாள அட்டை வாங்க வேண்டும். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, சில்லறை விலைக்குக் கொஞ்சம் கீழே என்ற கணக்கில் தினமும் விலைப்பலகையில் எழுதுகிறார்கள்.

ஆறு மாதம் அங்கே உட்கார்ந்தால் மூன்று விஷயங்கள் தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் யாருக்கு வாடிக்கையாளரிடம் பேச வருகிறது என்பது முதலாவது. பெரும்பாலும் அது வீட்டுத் தலைவர் அல்ல. எந்தக் காய் ஒன்பது மணிக்குள் தீர்ந்துபோகிறது, எது திரும்பி வீட்டுக்கு வருகிறது என்பது இரண்டாவது. ஒரே காயை இரண்டு குவிண்டால் கொண்டுபோவதைவிட எட்டு வகைக் காயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோவதில்தான் காசு இருக்கிறது என்பது மூன்றாவது. கோயம்பேட்டுக்குப் பயிர் செய்கிறவர் முழு வயலிலும் ஒரே பயிர் வைப்பார். வாசலில் விற்கிறவர் அப்படி வைத்தால் கெட்டார்.

இரண்டு குடும்பங்களின் கதை

வாசல் கடை எவ்வளவு தூரம் வளரும் என்று கேட்பவர்களுக்கு, பதிவாகியிருக்கும் இரண்டு குடும்பக் கதைகளைச் சொல்கிறேன். ஒன்று நம் ஊர்க் கதை.

முத்துசாமி முதலியார் என்பவர் ஆங்கிலேயர்களின் தபாலைச் சமவெளிக்கும் மலைக்கும் இடையே சுமந்து கொண்டு போனவர். மலையில் வெண்ணெய் கிடைக்கிறது, கீழே அதற்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர் கண்ணில் பட்டது. 1905-ல் ஓர் ஆங்கிலேயரிடமிருந்து வெண்ணெய் வியாபாரத்தை வாங்கி, நீலகிரி டெய்ரி ஃபார்ம் என்று தொடங்கினார். 1936-ல் அவர் மகன் சென்னியப்பன் பெங்களூரு பிரிகேட் சாலையில் கடை வைத்தார். வெண்ணெய், பால் பொருள்கள், பிறகு ரொட்டி, கேக், பிறகு மளிகை என்று கடை அகன்றது. ஈரோட்டில் சொந்தமாகப் பால் பதப்படுத்தும் ஆலை வந்தது. தென்னிந்திய நகரங்களில் 'நீல்கிரிஸ்' என்றால் தெரியாதவர் இல்லை என்ற நிலை வந்தது. ஒரு நூற்றாண்டு கழிந்த பின் 2006-ல் ஆக்டிஸ் என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் பெரும் பங்கை வாங்கியது. 2014-ல் ஃபியூச்சர் குழுமத்தின் கைக்குப் போனது. பெயர்ப்பலகை இருக்கிறது, குடும்பம் அதன் பின்னால் இல்லை.

மற்றொன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்தது. வால்டர் நாட் என்ற விவசாயி 1920-ல் மனைவி கார்டீலியாவோடும் குழந்தைகளோடும் பியூனா பார்க் என்ற ஊருக்கு வந்து, 20 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பெர்ரிப் பழங்கள் பயிரிட்டார். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலை ஓரத்தில் ஒரு சிறு கொட்டகை போட்டு விற்றார்கள். சில வருடங்களில் நிலத்தை வாங்கினார்கள், கொட்டகை கட்டடமானது. பழத்தோடு நாற்று, ஜாம், தேநீர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. 1930-களின் தொடக்கத்தில், ருடால்ஃப் பாய்சன் என்பவர் பழைய தோட்டத்தில் கைவிட்டிருந்த ஒரு கொடியைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றி வளர்த்தார் நாட். பழம் பெரிது, சாறு அதிகம், வேறு எவரிடமும் கிடைக்காது. அதற்குத் தன் பெயரை வைக்காமல் 'பாய்சன்பெர்ரி' என்றே பெயர் வைத்தார் என்பது எனக்குப் பிடித்த சங்கதி.

அமெரிக்காவே பணமில்லாமல் திண்டாடிய 1934-ல், ஒரு மாலை கார்டீலியா தன் கல்யாணப் பீங்கான் தட்டுகளில் எட்டுப் பேருக்குக் கோழிக்கறிச் சாப்பாடு போட்டார். ஆளுக்கு 65 சென்ட். அந்தச் சாப்பாட்டுக்குச் சில வருடங்களில் மணிக்கணக்கில் வரிசை நின்றது. வரிசையில் நிற்பவர்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று 1940-ல் பழைய கால ஊர் ஒன்றை மாதிரிக்குக் கட்டினார்கள். அது வளர்ந்து வளர்ந்து பெரிய கேளிக்கைப் பூங்கா ஆகிவிட்டது. 1997-ல் குடும்பம் பூங்காவை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பெர்ரி விளைந்த நிலத்தில் இன்று ராட்டினங்கள் சுற்றுகின்றன.

இரண்டு குடும்பங்களும் தோற்றுப்போனவை அல்ல. நல்ல பணம் பார்த்தார்கள், பல பேருக்கு வேலை கொடுத்தார்கள். ஆனால் இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். வளர்ந்த வருடங்களில் ஒரே பாய்ச்சலாகப் பாயவில்லை. வாங்க வந்தவர் கேட்ட ஒரு பொருளை மட்டும் அடுத்ததாகச் சேர்த்தார்கள். நாட் குடும்பத்தில், கடை நிலத்தைவிடப் பெரிதான பிறகு நிலம் கடைக்கு இடம் விட்டு ஒதுங்கியது. தாம்பரம் பக்கத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஏனென்றால் இங்கே நிலத்தைக் கேட்டு வருகிறவர் தினமும் வருகிறார்.

எவ்வளவு நிலம் வேண்டும்?

'எனக்கு இருப்பதே ஒன்றரை ஏக்கர், இதில் என்ன கடை' என்று நினைக்க வேண்டாம். கீரையை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

4 அடி அகலம், 25 அடி நீளம் கொண்ட ஒரு பாத்தி 100 சதுர அடி. முளைக்கீரை விதை 2 முதல் 3 கிராம் போதும். மணலோடு கலந்து தூவுங்கள். 25 நாளில் பறிக்கலாம். நன்றாக வந்தால் ஒரு பாத்தியில் சுமார் 9 கிலோ, அதாவது 300 கிராம் கட்டாகக் கட்டினால் 30 கட்டு. தினமும் 60 கட்டு விற்க வேண்டுமானால் தினம் இரண்டு பாத்தி பறிக்க வேண்டும். பறித்த பாத்தியைக் கொத்தி, எரு போட்டு, மறுபடி விதைத்துப் பறிக்க மொத்தம் 30 நாள் என்று வைத்துக்கொண்டால் 60 பாத்தி தேவை. அது 6,000 சதுர அடி. நடைபாதை, வாய்க்கால் எல்லாம் சேர்த்தால் 20 சென்ட். அவ்வளவுதான். கட்டுக்கு உங்களுக்குக் கோயம்பேட்டில் கைக்கு நிற்கும் விலை என்ன, பக்கத்துத் தெருவில் விற்கும் விலை என்ன என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உங்கள் விலையை வைத்தாலும் வித்தியாசம் புரியும்.

இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. தினம் இரண்டு பாத்தி பறிப்பவர், தினம் இரண்டு பாத்தி விதைக்கவும் வேண்டும். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று ஐந்து நாள் விதைப்பை விட்டால், சரியாக 25 நாள் கழித்து ஐந்து நாள் கடை காலியாகக் கிடக்கும். பழைய காலண்டர் ஒன்றை மோட்டார் கொட்டகைச் சுவரில் மாட்டி, விதைத்த பாத்தி எண்ணை அன்றன்று குறித்து வையுங்கள். செலவில்லாத இந்தக் காலண்டரை நான் எந்தச் செயலியைவிடவும் நம்புவேன்.

மீதி நிலத்தில் வெண்டை, கத்தரி, பந்தல் காய்கள். வெண்டை விதைத்த 45-ம் நாளில் காய்க்கத் தொடங்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். முற்றவிட்டால் குடியிருப்புப் பெண்கள் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். மாதம் ஒரு சிறு துண்டு என்று விதைத்து வந்தால் தொடர்ந்து பிஞ்சு கிடைக்கும். வரப்பு ஓரத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிகேஎம்-1 முருங்கை வைத்தால் ஆறு மாதத்தில் காய், அதற்கும் முன்பே கீரை. வேலி ஓரத்தில் தூதுவளை, முடக்கத்தான், பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மூலிகைக் கீரையின் பெயர் சொல்லிக் கேட்கிற வாடிக்கையாளர்கள் உள்ள வட்டாரம் இது. பெரிய காய்கறிக் கடைகள் இவற்றை வைப்பதில்லை, வைத்தாலும் வாடிப்போயிருக்கும். நாட் குடும்பத்துக்குப் பாய்சன்பெர்ரி என்றால் உங்களுக்கு இதுதான்.

தண்ணீரைக் காட்டுங்கள்

புறநகரில் கீரை வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி விலை அல்ல. 'எந்தத் தண்ணீரில் விளைந்தது?' என்பதுதான். ஏரிகளில் கழிவுநீர் கலப்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அந்த நாற்றத்தோடு வாழ்கிறார்கள். எனவே கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வையுங்கள். தண்ணீரை ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்தில் பரிசோதித்து, அந்தத் தாளைக் கொட்டகையில் ஒட்டி வையுங்கள். தண்ணீர் நன்றாக இல்லையென்றால் கீரையை விட்டுவிட்டு, தண்ணீர் இலையில் படாத பந்தல் காய்க்கும் மரப்பயிருக்கும் மாறுவதே நேர்மை. கழிவுநீர் கலந்த வாய்க்காலில் கீரைக்கட்டை அலசுவதை ஒருவர் கைபேசியில் படம் பிடித்துவிட்டால் போதும், பத்து வருட நம்பிக்கை ஒரு மாலையில் போய்விடும்.

மருந்து விஷயமும் இப்படித்தான். கீரையில் புழுவும் வண்டும் ஓட்டை போட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், வலை, கையால் பொறுக்குவது என்ற அளவோடு நில்லுங்கள். 25 நாள் பயிருக்கு இரசாயனம் அடித்துவிட்டுக் காத்திருப்புக் காலம் எங்கே பார்ப்பது? முழுக்க இயற்கை முறை என்று பலகை வைக்க வேண்டிய அவசியம் இல்லை. செய்யாததைச் செய்ததாக எழுதினால்தான் சிக்கல். 'கீரைக்கு மருந்து அடிப்பதில்லை; கத்தரிக்கு அடித்தால் அந்த வாரம் விற்பதில்லை' என்று உள்ளதை எழுதுங்கள். படித்தவர்களுக்கு அது பெரிய சான்றிதழ்.

கொட்டகை, தராசு, மின்சாரம்

கொட்டகையைச் சாலை ஓரப் புறம்போக்கில் போடாதீர்கள். வண்டலூர் – வாலாஜாபாத் சாலை அகலமானபோது ஓரத்தில் இருந்தவை என்ன ஆயின என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பட்டா நிலத்துக்குள், வண்டி நிற்க இடம் விட்டு, உள்ளே தள்ளிப் போடுங்கள். நான்கு இருசக்கர வண்டியும் ஒரு காரும் நிற்க முடிந்தால் போதும். நிழல் முக்கியம், கிழக்கு வெயில் காயின் மேல் விழக் கூடாது.

விவசாய இணைப்பின் இலவச மின்சாரத்திலிருந்து கடைக்கு விளக்குப் போடுவது விதிமீறல். அபராதத்தோடு இணைப்புக்கே ஆபத்து. கடைக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். சொந்த வயலில் விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவு தேவையில்லை. ஆனால் ஊறுகாய், பொடி, வடகம், வெட்டிய காய் என்று போனாலோ, பிறரிடம் வாங்கி விற்றாலோ பதிவு எடுக்க வேண்டும். சிறு வியாபாரத்துக்கு அது பெரிய செலவல்ல. வருமான வரியிலும் இந்தக் கோடு உண்டு. உங்கள் விளைச்சலை விற்றது விவசாய வருமானம், பிறர் விளைச்சலை வாங்கி விற்றது வியாபாரம். இரண்டுக்கும் தனித்தனி நோட்டு வைத்தால் பின்னால் தலைவலி இல்லை. மதிப்புக் கூட்டும் பயிற்சிக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, தாம்பரத்துக்காரர்கள் ரயிலைப் பார்த்து வாழ்கிறவர்கள். காலை ஆறரை முதல் ஒன்பது வரை, மாலை ஐந்து முதல் எட்டு வரை. நடுப்பகலில் கடை திறந்து வைத்துக் காவல் காப்பதில் பயனில்லை. வயல் வேலை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதினொன்று வரை நீளும். முதல்நாள் இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் மறுநாள் என்னென்ன இருக்கும் என்று எழுதி, வேண்டுகிறவர்களிடம் சொல்லி வைக்கச் சொன்னால், அதற்கேற்பப் பறிக்கலாம். பறித்து விற்காமல் போவதைவிட, பறிக்காமல் பாத்தியில் விடுவது மேல். விலையைப் பலகையில் எழுதி ஒரு வாரம் மாற்றாமல் வையுங்கள். கோயம்பேட்டில் தக்காளி ஏறினால் அன்றைக்கே ஏற்றுகிறவர், இறங்கும்போதும் அன்றைக்கே இறக்க வேண்டும். வாடிக்கையாளர் அதை மறக்க மாட்டார்.

பக்கத்து வயலின் காய்

இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் ஒரு நெருக்கடி வரும். வாடிக்கையாளர்கள் கேரட்டும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கேட்பார்கள். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் கடைக்கு ஓடிவிடுவார்களோ என்ற பயத்தில் நீங்களும் கோயம்பேட்டில் வாங்கி வந்து அடுக்குவீர்கள். கொஞ்ச நாளில் கடையில் முக்கால்வாசி வெளிச்சரக்கு. பிறகு ஒருநாள் வாடிக்கையாளர் கேட்பார்: 'இது உங்க வயல்ல விளைஞ்சதாண்ணா?' அப்போது பதில் சொல்லத் தயங்கினால் கடை முடிந்தது.

வெளிச்சரக்கில் உங்களால் ஜெயிக்க முடியாது. 1965-ல் கோவையில் சகோதரர்கள் சேர்ந்து நடத்திய சிறு பழக்கடையிலிருந்து வளர்ந்த கோவை பழமுதிர் நிலையம் போன்ற கடைகள் வாங்கும் அளவும், அவர்களுக்குக் கிடைக்கும் விலையும் வேறு. அவர்களும் குடும்பமாக உழைத்து வந்தவர்கள்தான், ஆனால் வாங்கி விற்பது அவர்கள் தொழில், விளைவிப்பது உங்கள் தொழில். வெங்காயம், உருளை என்று இரண்டு மூன்று பொருளை வைப்பதில் தவறில்லை. தனித் தட்டில், 'வெளியில் வாங்கியது' என்று எழுதி வையுங்கள். அதைவிட நல்லது, பக்கத்து விவசாயியின் வாழைத்தாரையும் தேங்காயையும் மல்லாட்டையையும் அவர் ஊர் பெயரோடு வைப்பது. ஒரு கொட்டகையில் மூன்று குடும்பத்தின் விளைச்சல் இருந்தால், ஒருவருக்கு இல்லாத நாளில் இன்னொருவருக்கு இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை

அந்த 'இல்லாத நாள்' ஆண்டுதோறும் வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் கீரை அழுகும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அடுத்த ஆண்டு வர்தா புயலில் வாழையும் முருங்கையும் சாய்ந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம். இனி வராது என்று யாரும் சொல்லவில்லை.

எனவே புரட்டாசிக்குள் மேட்டு நிலத்தில் மட்டும் கீரைப்பாத்தியை ஒரு அடி உயர்த்திப் போடுங்கள். மேலே நிழல்வலை கட்டினால் மழைத்துளி நேரே அடிப்பது குறையும். தாழ்ந்த நிலத்தை அந்த இரண்டு மாதம் விட்டுவிடலாம். மண்ணுக்குள் இருக்கும் சேனை, சேப்பங்கிழங்கு, கொல்லையில் இருக்கும் தேங்காய், வெயிலில் காயவைத்து எடுத்து வைத்த வத்தல், முருங்கைக்கீரைப் பொடி ஆகியவைதான் மழைக்காலக் கடைச்சரக்கு. கடையை இரண்டு மாதம் முழுக்க மூடினால் வாடிக்கையாளர் வேறு வழி பழகிவிடுவார். ஆறு பொருளோடு திறந்திருந்தாலும் போதும்.

யார் பெயரில்?

இனிச் சொல்வது விதையையும் எருவையும் விடக் கடினமானது. கடையில் உட்காருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கைபேசியில் பணம் வாங்கும் கியூஆர் அட்டை மட்டும் அண்ணன் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கும். கடை நடத்துகிறவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கட்டும். அவருக்கும், விடியற்காலை கீரை பறிக்கும் வீட்டு ஆட்களுக்கும் கூலி போட்டு எழுதிய பிறகு மிஞ்சுவதுதான் லாபம். குடும்ப உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் 'லாபம்' என்று சொல்லிக்கொள்ளும் கடைகள் அடுத்த தலைமுறை வேலைக்குப் போனதும் நின்றுவிடுகின்றன.

கொட்டகை இருக்கும் நிலம் பாகம் பிரிக்காத நிலமா? அப்படியானால் கடை வளரும் முன்பே பேசிவிடுங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை என்று சட்டம் வந்துவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டமும் அதையே சொன்னது. வெளியூரில் இருக்கும் அக்காவுக்கும் தங்கைக்கும் பங்கு உண்டு. அவர்கள் பங்கை விற்கச் சொன்னால் கேட்கும் விலை வயல் விலையாக இருக்காது, மனை விலையாக இருக்கும். எந்தக் கீரையும் அந்த விலையை ஈடுகட்டாது. ஆனால் பங்குக்கு ஆண்டுக் குத்தகை, கடை லாபத்தில் இவ்வளவு, முதலில் வாங்கும் உரிமை உழுகிறவருக்கு என்று உடன்பாடு எழுதிப் பதிவு செய்துகொண்டால், பத்து வருடமாவது நிலத்தை நிறுத்தி வைக்கலாம். கடன் நெருக்கும்போது வயலில் பத்து சென்ட் விற்கலாமா, வேறு வழி தேடலாமா என்ற கேள்வியும் எழும். பதில் வீட்டுக்கு வீடு வேறுபடும். எந்தப் பத்து சென்ட் என்பதையாவது யோசியுங்கள். கிணறு இருக்கும் மூலையையும் சாலையைத் தொடும் முனையையும் விற்றுவிட்டால், மீதி நிலம் எவ்வளவு இருந்தாலும் கடை இல்லை. மனை வாங்க வருபவரும் முதலில் கேட்பது அந்த முனையைத்தான்.

தைக்கு வேண்டியதை ஆனியில்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பொங்கலைக் குறிவைத்துத் தொடங்கலாம். வருடத்தில் ஒரே வாரத்தில் அதிகம் விற்பது அப்போதுதான், அடுக்குமாடிக் குடும்பங்கள் விவசாயியைத் தேடி வருவதும் அப்போதுதான். மஞ்சள் கொத்துக்கு வைகாசி, ஆனியில் கிழங்கு நட வேண்டும். நாலு பாத்தி போதும். பரங்கியும் மொச்சையும் ஆடியில் விதைத்தால் மார்கழி, தையில் கைக்கு வரும். சேப்பங்கிழங்கை மஞ்சளோடு சேர்த்தே நட்டுவிடலாம். கரும்புக்கு ஓர் ஆண்டு ஆகும் என்பதால் முதல் வருடம் பக்கத்து ஊர்க் கரும்பை வாங்கி வைத்து, அதன் மேல் அந்த ஊர் பெயரை எழுதுங்கள். போகி அன்று மாலை வாடிக்கையாளர் குழந்தையோடு வந்தால், மஞ்சள் கொத்தைப் பாத்தியிலிருந்து அந்தக் குழந்தையையே பிடுங்கச் சொல்லுங்கள்.